வாயையும் திறந்து பாருங்கள்: இரைப்பை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரைப்பை, குடல் நோய் மருத்துவர்களுக்கும், அந்த நோய்களுக்கான சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியின் தொற்றுக்கு மருந்து தொடங்கும் நோயாளிகளின் கையில் ஓர் அறிவுரைத் தாள் கொடுக்கப்படுகிறது. அதில் வாய்ச் சுகாதாரம் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று, பல்லுக்கு என்னிடமும் வரும் நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு மருத்துவமனையின் இரைப்பைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: போதிய ஆதாரம் இல்லை, சேர்க்க இயலாது. எந்த மாத்திரையை உணவுக்கு முன் விழுங்க வேண்டும், எதைப் பின்னால் விழுங்க வேண்டும், மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம், மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. பல் இல்லை, ஈறு இல்லை, நாக்கு இல்லை. நான் பல் மருத்துவர். அந்த ஒற்றை வரியை வாங்கி மேசை அறைக்குள் போட்டுவிட்டு அடுத்த நோயாளியின் வாயைப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று வந்தார். கையில் தடித்த கோப்பு. நாக்கு கறுத்திருந்தது; இந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் பிஸ்மத் மாத்திரையின் வேலை அது, மருந்து முடிந்தால் போய்விடும். முதல் முறை கொடுத்த மருந்துகள் பலிக்காமல், மூச்சுப் பரிசோதனை மறுபடியும் பாசிட்டிவ் என்று வந்ததால், வேறு கூட்டு மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். கீழ்த்தாடை முன்பற்களின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி தெரியாதபடி பற்காரை இறுகிப்போய் ஒரே சுவராக நின்றது. ஈறின் ஓரத்தில் அளவுகோலை மெல்ல இறக்கினால் ஆறு மில்லிமீட்டர் வரை போயிற்று. ஆரோக்கியமான ஈறில் அது மூன்றைத் தாண்டக் கூடாது. தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. பின்பற்களுக்கு அருகே இருந்த பகுதிப் பல் செட்டைக் கழற்றினால், அதன் அடியில் வழவழப்பான வெண்படலம். இரவிலும் அதைக் கழற்றுவதில்லை என்றார்.

அவருடைய கோப்பைப் புரட்டினேன். இரைப்பையின் மூலைமுடுக்கெல்லாம் எண்டோஸ்கோபிப் படங்களாக இருந்தன. வாயைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை. அந்தக் குழாய் இந்த வாய் வழியாகத்தானே போயிற்று? பல் செட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆடுகிற பல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். பற்களுக்கு இடையே தாங்கியை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. "வயிற்று டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதே குழாயை விடத்தான்" என்று அவரே சொன்னார். இவர் ஒருவர் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்படிக் கோப்போடு வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கிருமியின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதை மறுத்தார்கள். போதிய ஆதாரம் இல்லை என்ற பதில்தான் அவர்களுக்கும் கிடைத்தது. 1984-இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, இரைப்பை அழன்றது, வாயும் நாறத் தொடங்கியது. அந்த வாய் நாற்றத்தை ஒரு பல் மருத்துவராக நான் மறப்பதில்லை. 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உடலில் இருப்பதாகக் கணிக்கப்படும் கிருமி இது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்டால் வாய் வழியாக என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

வாய்க்கு இதில் பங்கில்லை என்று நீங்களே நம்பவில்லை என்பதற்கு உங்கள் மூச்சுப் பரிசோதனையே சாட்சி. யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறீர்கள். கிருமியிடம் உள்ள யூரியேஸ் நொதி அதை உடைத்து அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. மூச்சில் வரும் அந்தக் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறீர்கள். ஆனால் வாயில் வாழும் வேறு பல கிருமிகளுக்கும் யூரியேஸ் உண்டு. குடித்த சில நிமிடங்களில் அவையும் யூரியாவை உடைத்துக் கணக்கைக் குழப்பிவிடும். அதனால்தான் சில முறைகளில் யூரியாவைக் கேப்சூல் மாத்திரையாகக் கொடுத்து வாயைத் தாண்டவைக்கிறார்கள்; சில இடங்களில் வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள்; முதல் சில நிமிடங்களின் மூச்சைக் கணக்கில் எடுப்பதில்லை. பரிசோதனையின் முடிவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வாயை நினைவில் வைத்திருக்கும் நீங்கள், சிகிச்சை என்று வந்தவுடன் அதை மறந்துவிடுவது எப்படி?

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். 1989-இலேயே ஒரு நோயாளியின் பற்படலத்திலிருந்து, அதாவது பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்திலிருந்து, இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பின் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை முறையில் உமிழ்நீரிலும் பற்படலத்திலும் அதன் மரபணுத் தடயத்தைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாயில் அது நிரந்தரமாகக் குடியிருக்கிறதா, இரைப்பையிலிருந்து எதுக்களிப்பில் வந்து போகிற விருந்தாளியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாயிலிருந்து அதை வளர்த்தெடுப்பது கடினம்; மரபணுத் தடயம் கிடைத்தால் மட்டும் உயிருள்ள கிருமி இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தொற்றுள்ளவர்களை வாந்தி எடுக்கச் செய்து பார்த்தபோது வாந்தியிலும் உமிழ்நீரிலும் உயிருள்ள கிருமி கிடைத்தது. இரைப்பையிலிருந்து வாய்வரை அது உயிரோடு வந்து சேர முடியும். வந்த இடத்தில் தடித்த பற்படலமும் ஆறு மில்லிமீட்டர் ஈறுப் பையும் காத்திருந்தால் ஒளிந்துகொள்ள இடமும் இருக்கிறது. ரத்தத்தில் கலந்து வரும் ஆன்டிபயாட்டிக் அந்தப் படலத்துக்குள் போதிய அளவில் நுழைவதில்லை. ஈறு நோய்க்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பாமல், எங்கள் கையால் சுரண்டி எடுக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

2009-இல் செர்பியாவில் இருந்து வந்த ஒரு சிறிய ஆய்வில், இரைப்பை அழற்சியும் ஈறு நோயும் சேர்ந்து இருந்தவர்களில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும், மருந்தோடு ஈறு சிகிச்சையும் பெற்றவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தது: முதல் தரப்பில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, இரண்டாம் தரப்பில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இரைப்பைத் தொற்று நீங்கியது. 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு வெளியானது. அதில் 7 மருத்துவச் சோதனைகளை, 691 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஈறு சிகிச்சையும் சேர்ந்தால் கிருமி நீங்குவதும் கூடுகிறது, திரும்பி வராமல் இருப்பதும் கூடுகிறது என்றே முடிவு வந்தது. சோதனைகள் சிறியவை, பெரிய சோதனைகள் வேண்டும் என்றும் அவர்கள் எழுதினார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆதாரம் வலுவாக வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். சேர்க்க இயலாது என்று எழுதினீர்கள். அதை ஏற்க முடியாது.

நான் கேட்டது ஒரு பத்தி. ஈறைச் சோதித்துக்கொள்ளுங்கள், காரை இருந்தால் அகற்றிக்கொள்ளுங்கள், பல் செட்டை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். இரைப்பையில் ஒரு பயனும் விளையாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த நோயாளிக்கு ரத்தம் நிற்கும், பற்கள் நிலைக்கும். மறுபக்கத்தைப் பாருங்கள். முதல் சிகிச்சை தோற்றால் அடுத்த சுற்று ஆன்டிபயாட்டிக். பதினான்கு நாட்கள், நாள் முழுவதும் மாத்திரைகள், வாயில் உலோகக் கசப்பு, வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு தோல்வியிலும் கிருமி மருந்துக்கு மேலும் பழகுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஹெலிகோபாக்டர் பைலோரியை 2017-இல் உலக சுகாதார அமைப்பு, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. மருந்துகள் கைவிட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், தீங்கில்லாத ஒரு துணைச் சிகிச்சையை ஆதாரத்தின் பெயரால் வாசலில் நிறுத்திவைப்பது எச்சரிக்கை ஆகாது.

நம் இரு தரப்பும் பேசிக்கொள்ளாததால் நடக்கும் வேறொரு கேட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல் வலி என்று வருகிறவருக்கு எங்கள் தரப்பில் இருந்து அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் தாராளமாக எழுதப்படுகின்றன. இரண்டும் உங்கள் கூட்டு மருந்துகளில் இருப்பவை. மூச்சுப் பரிசோதனைக்கு முந்தைய நான்கு வாரங்களில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் கிருமி அடங்கிப்போய், இல்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும். நோயாளியிடம் நீங்கள் அமிலக் குறைப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். பல் வலிக்கு எடுத்ததைக் கேட்கிறீர்களா? அவராகச் சொல்ல மாட்டார். பல்லுக்குச் சாப்பிட்டது வயிற்றுக் கணக்கில் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வலி நிவாரணிகளும் அப்படியே. சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு இபுப்ரோஃபெனையும் டைக்ளோஃபெனாக்கையும் வாரக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம். இரைப்பைப் புண்ணின் இரண்டு பெரிய காரணங்கள் இந்தக் கிருமியும் இந்த வகை வலி நிவாரணிகளும்தான். புண்ணை ஆற்றி அனுப்புகிறீர்கள். வலிக்கிற பல் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அவர் கை நீள்வது அதே மாத்திரைக்குத்தான். என் சக பல் மருத்துவர்களுக்கும் இந்த இடத்தில் பொறுப்பு உண்டு. வயிற்று நோய் இருக்கிறதா என்று கேட்காமல் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது.

மவுத்வாஷ் விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருக்க விரும்புகிறேன். வாய்க் கசப்பு என்று நோயாளி முறையிட்டால், "ஏதாவது மவுத்வாஷ் வாங்கிக் கொப்பளியுங்கள்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. எந்த மவுத்வாஷ், எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்வதில்லை. கொப்பளித்துத் துப்புகிற நீர் இரைப்பைக்குப் போவதில்லை. போகவும் கூடாது, அது விழுங்கும் மருந்தல்ல. அதனால் வயிற்றுக் கிருமி சாகும் என்று எந்த நோயாளியும் நம்பும்படி விடக் கூடாது. வாயில் உள்ளதைக் குறைப்பதற்கும் வரிசை முக்கியம். முதிர்ந்த பற்படலத்தின் மேல் மவுத்வாஷை ஊற்றுவது, பூட்டிய வீட்டின் கதவில் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். முதலில் காரையையும் படலத்தையும் கருவியால் அகற்ற வேண்டும். பிறகுதான் குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்துக்கு வேலை.

குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும். 0.2 சதவீதக் கரைசல் என்றால் 10 மில்லி, 0.12 சதவீதம் என்றால் 15 மில்லி, காலையும் இரவும். ஆனால் பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் அதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால், பல் துலக்கியவுடன் கொப்பளிக்காமல் அரை மணி நேரமாவது விட வேண்டும். இதை யாராவது நோயாளிக்குச் சொல்கிறார்களா? வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் சுவை மாறும், காரையும் கூடும். நன்மை செய்யும் வாய்க் கிருமிகளையும் அது விடாது. உணவில் உள்ள நைட்ரேட்டை மாற்றிக் கொடுத்து ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவும் கிருமிகள் அவற்றில் அடக்கம். ஆகவே சிகிச்சை நாட்களை ஒட்டிய குறுகிய காலத்துக்கு, பல் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். ஆயுள் முழுவதற்கும் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது என்று உங்கள் தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் மவுத்வாஷ்களில் ஆல்கஹால் கலந்தவையும் உண்டு. அதே தாளைக் கையில் வைத்திருப்பவரிடம் "ஏதாவது மவுத்வாஷ்" என்று சொல்லலாமா? ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள் என்ற மூன்று சொற்களுக்கு அந்தத் தாளில் இடமில்லையா?

மருந்து ஓடும் இரண்டு வாரங்களில்தான் வாய் மிகவும் கைவிடப்படுகிறது என்பதையும் என் அனுபவத்தில் பார்க்கிறேன். குமட்டலில் பிரஷ்ஷை வாய்க்குள் விடவே பலர் தயங்குகிறார்கள். நாக்கு கறுத்துவிட்டதைக் கண்டு பயந்து சிலர் தொடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ரத்தம் வரும்வரை சுரண்டுகிறார்கள். ஆன்டிபயாட்டிக்கால் வாயில் பூஞ்சை படர்ந்து எரிச்சலோடு வருகிறவர்களும் உண்டு. இரைப்பையில் போர் நடக்கிற அந்த நாட்களில், வாயில் படலம் தடையின்றித் தடித்துக்கொண்டிருக்கிறது. சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள், குமட்டல் குறைவான நேரத்தில் துலக்குங்கள், நாக்கின் கறுப்பு தானே போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. தொற்று உறுதியான நாளிலேயே நோயாளியின் வாயைத் திறந்து பாருங்கள். ஈறில் ரத்தம் வருகிறதா, ஆடும் பல் உண்டா, பல் செட் உண்டா, பல் வலிக்கு அண்மையில் என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டுக் கோப்பில் எழுதுங்கள். ஈறு நோய் தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்குவதோடு சேர்த்துப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அண்மையில் ரத்த வாந்தி வந்திருந்தாலோ, ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்தாலோ அதைப் பரிந்துரைச் சீட்டில் குறிப்பிடுங்கள், எங்கள் கருவியை எப்போது எடுப்பது என்று சேர்ந்து முடிவெடுக்கலாம். முதல் சிகிச்சை தோற்றவர்களின் விஷயத்தில் இது விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. வாயைப் பரிசோதிக்காமல் இரண்டாம் சுற்று மருந்தை எழுதுவதில்லை என்று விதியாகவே வையுங்கள்.

அறிவுரைத் தாளில் அந்தப் பத்தியைச் சேருங்கள். மவுத்வாஷ் துணைக்கு மட்டுமே, வயிற்றுக் கிருமியை அது கொல்லாது, மருந்து நாட்களில் ஆல்கஹால் கலக்காததே வேண்டும் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். வார்த்தைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். என் வரைவு வேண்டியதில்லை.

நெறிமுறைக் குழுக்கள் தங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஈறு நோய் நிபுணர் ஒருவரை அழைக்க வேண்டும். காக்ரேன் மதிப்பாய்வு கேட்ட பெரிய சோதனையை நடத்த இரு துறைகளும் சேர்ந்து திட்டம் எழுத வேண்டும்: மருந்து மட்டும் ஒரு தரப்புக்கு, மருந்தோடு ஈறு சிகிச்சை மறு தரப்புக்கு, குறைந்தது ஓராண்டுத் தொடர் கண்காணிப்பு, திரும்பி வந்த கிருமி பழையதா புதியதா என்று மரபணுச் சோதனை. என் மருத்துவமனையின் நாற்காலியும் என் நேரமும் அதற்கு உண்டு.

அறிவுரைத் தாளின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் எனக்கு எழுத்துமூலம் பதில் தாருங்கள். மறுபடியும் மறுப்பதாக இருந்தால், எந்தச் சோதனையில் எத்தகைய முடிவு வந்தால் அந்தப் பத்தியைச் சேர்ப்பீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர் ஒருவர்